உறுப்பினர்களே வியாபாரியிடம் நிலக்கடலையை விற்கிறார்கள் என்றால்

வணக்கம். விவசாயிகளே பங்கு போட்டு நடத்தும் உங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் 500 பங்குதாரர்கள் இருந்தும், கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தும் நிலக்கடலை வியாபாரியிடமே போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கோளாறு விலையில் இல்லை, நீங்கள் பணம் தர 15 நாள் எடுத்துக்கொள்வதில் இருக்கிறது. வியாபாரி களத்திலேயே எண்ணிக் கொடுத்துவிடுகிறார். விதைக்கு முன்பணமும் அவர் கொடுத்ததாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

எடை போட்ட அன்றே முக்கால் பங்கை வங்கிக் கணக்கில் போடுங்கள். மீதியை விற்ற பிறகு தரலாம். இப்படி விலையில் ஒரு பகுதியை நிறுத்திவைத்துப் பிறகு தர, நிறுவனங்கள் சட்டத்தின் உற்பத்தியாளர் நிறுவனப் பகுதியிலேயே இடம் உண்டு. முதல் லோடுக்கு உறுப்பினர்கள் போட்ட பங்குத்தொகையிலிருந்து கொடுங்கள். அதை அங்கீகாரம் பெற்ற கிடங்கில் இறக்கி, சரக்கு அங்கே இருப்பதற்குச் சான்றாகக் கிடைக்கும் மின்னணுக் கிடங்கு ரசீதின் மேல் வங்கியில் கடன் எடுத்தால் அடுத்த லோடுக்குக் காசு வரும்.

ஈரப்பதமானி இருக்கிறதா? 12% ஈரத்தில் வாங்கிய 100 கிலோ, 8 சதவீதத்துக்குக் காய்ந்தால் ஏறக்குறைய 95.7 கிலோதான். கிலோ 60 ரூபாய் என்றால் ஏறக்குறைய 260 ரூபாய் காற்றில் போய்விட்டது. நீங்கள் கூட்டிக் கொடுத்ததோ 100 ரூபாய். காயாமல் அடுக்கினால் பூஞ்சையும் பிடிக்கும். ஈரத்தையும் எடையையும் விவசாயி கண்முன்னே பார்த்துச் சீட்டில் எழுதிக் கொடுங்கள், பிறகு தகராறு வராது.