கன்ட்ரி இசை பிறந்தது பிரிஸ்டலிலா?

கேள்வி: அமெரிக்க கன்ட்ரி இசை 1927-ல் அந்நாட்டுப் பிரிஸ்டல் ஊரில் பிறந்தது என்கிறார்கள். 1922-லேயே பிடில் இசைத்தட்டு வந்துவிட்டதே, எது சரி? அந்தக் காலக் கன்ட்ரி இசைக் குழுவான கார்ட்டர் குடும்பத்துப் பாடல்களைக் கிடாரில் பழகுகிறேன். மெட்டு தனியாகக் கேட்கவே மாட்டேன் என்கிறது.

பதில்: உங்கள் கணக்கு சரிதான். எக் ராபர்ட்சன் 1922-ல் நியூயார்க்கில் பிடில் வாசித்துப் பதிவு செய்துவிட்டார். மறு ஆண்டு அட்லாண்டாவில் ஜான் கார்சன். பிரிஸ்டலுக்குப் ‘பிறந்த ஊர்’ பட்டத்தை அமெரிக்க நாடாளுமன்றம் 1998-ல்தான் கொடுத்தது.

அதற்காக 1927-ஐத் தள்ளிவிடாதீர்கள். அந்த ஆண்டின் பெருமை மைக்கில் இருக்கிறது. 1925 வரை ஒலியைப் பிடிக்கும் பெரிய கூம்புக் குழல் முன்னால் நின்று உரக்கப் பாட வேண்டும். பிடில் எடுபடும், கிடார் அமுங்கிப்போகும். கார்சனைப் பதிவு செய்த அதே ரால்ஃப் பியர், இம்முறை விக்டர் இசைத்தட்டுக் கம்பெனிக்காக மின்சார மைக்கோடு பிரிஸ்டல் வந்தார். தொப்பிக் கம்பெனிக் கட்டடம் ஒன்றில் எதிரொலி அடங்கப் போர்வைகளைத் தொங்கவிட்டு, ஜூலை 25 முதல் ஆகஸ்ட் 5 வரை 76 பதிவுகள் எடுத்தார். ஆகஸ்ட் 1, 2-ல் கார்ட்டர் குடும்பம். 4-ல் பாடகர் ஜிம்மி ராட்ஜர்ஸ். சாரா கார்ட்டர் தனித்துப் பாடிய ‘சிங்கிள் கேர்ள், மேரீட் கேர்ள்’ கேளுங்கள். தொண்டையைக் கிழிக்காத குரல். பக்கத்திலேயே அதே குடும்பத்து மேபெல்லின் கிடார். குழல் காலத்தில் இது நடந்தே இருக்காது.

இனி உங்கள் விரலுக்கு வருவோம். மேபெல் கட்டைவிரலால் தடித்த தந்திகளில் மெட்டை வாசிப்பார். ஆள்காட்டி விரலால் மெல்லிய தந்திகளை வருடித் தாளம் போடுவார். மெட்டு அமுங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: வருடும் விரல் ஆறு தந்தியையும் இழுத்து, இப்போதுதான் ஒலித்த சுரத்தையும் மூடிவிடுகிறது. கீழே உள்ள மூன்று மெல்லிய தந்திகளோடு நிறுத்துங்கள். சி கார்டு பிடித்து, தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, முதலில் கட்டைவிரலை மட்டும் ஓட்டுங்கள். மெட்டு தடுமாறாமல் வந்த பிறகு வருடலைச் சேருங்கள். ஒவ்வொரு சுரத்துக்கும் கார்டு முழுவதையும் விட்டுவிடாமல், தேவைப்படும் ஒரு விரலை மட்டும் நகர்த்துங்கள்.

இசைத்தட்டோடு சேர்ந்து வாசிக்கையில் சுருதி ஒட்டாவிட்டால் காதைச் சந்தேகிக்க வேண்டாம். மேபெல் பல பாடல்களில் தந்திகளை முன்பே தளர்த்திக்கொண்டுதான் வாசித்தார். ஆறையும் அரை சுரம் அரை சுரமாக இறக்கிப் பாருங்கள், ஒட்டிக்கொள்ளும்.