செங்காந்தள் கிழங்கும் கவுட் மாத்திரையும்

கேள்வி: கவுட் என்ற மூட்டுவலிக்குக் கொடுக்கும் கோல்சிசின் மருந்து செங்காந்தளில் இருந்துதான் வருகிறதாமே? எங்கள் வேலியிலேயே அது படர்ந்து கிடக்கிறது. கிழங்கை அரைத்துச் சாப்பிட்டால் என்ன?

தயவுசெய்து வேண்டாம். மார்த்தாண்டம் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். கவுட்டைக் கிளப்பும் சாளை மீனையும் நெத்திலியையும் விட முடியாத அண்ணாச்சிமார் குளிகை வாங்க வரும்போது இதையேதான் கேட்கிறார்கள்.

செடி அதுதான், சந்தேகமில்லை. நம் மாநில மலர். இந்தப் பக்கம் மேந்தோன்னி என்றும் சொல்வார்கள். மூலனூர், தாராபுரம் வட்டாரத்தில் அதை வயலில் வளர்ப்பதே விதையில் இருக்கும் கோல்சிசினுக்காகத்தான்.

ரத்தத்தில் யூரிக் அமிலம் கூடினால் மூட்டில் ஊசி ஊசியாகப் படிகம் சேரும்; கவுட்டின் தொடக்கம் அதுதான். ஆனால் வலியைக் கிளப்புவது நம் எதிர்ப்புச் செல்களே. அவற்றில் ஒரு வகையான மேக்ரோஃபேஜ் அந்தப் படிகத்தை விழுங்கியதும், உள்ளே என்எல்ஆர்பி3 என்ற புரதம் வேறு சில புரதங்களோடு கூடி, அழற்சியைத் தூண்டும் இன்ஃப்ளமசோம் என்ற கூட்டாகிறது. படிகத்துக்கும் இதற்கும் உள்ள தொடர்பு 2006-ல்தான் வெளியானது. அங்கிருந்து இன்டர்லூகின்-1 பீட்டா என்ற சேதிப் புரதம் கிளம்பும். அந்தச் சேதி கிடைத்து நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளையணுக்கள் கூட்டமாக வந்து இறங்க, பெருவிரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகும்.

கோல்சிசின், செல்லுக்குள் இருக்கும் டியூபுலின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டு, அதனால் ஆன நுண்குழாய்கள் உருவாகாமல் தடுக்கிறது. நுண்குழாய் இல்லாவிட்டால் இன்ஃப்ளமசோம் சரியாக ஒன்றுசேராது, நியூட்ரோஃபிலும் நகரத் திணறும். சிக்கல் என்னவென்றால், எந்தச் செல்லும் இரண்டாகப் பிரிய இதே நுண்குழாய் வேண்டும். அளவு மிஞ்சினால் வேகமாகப் பிரியும் குடலும் எலும்பு மஜ்ஜையும்தான் அடி வாங்கும். முதலில் வாந்தி, வயிற்றுப்போக்கு; அப்புறம் வெள்ளையணுக்கள் சரியும்; உயிரே போகலாம். டயாலிசிஸ் செய்தாலும் இது வெளியேறாது. மாத்திரையில் இருப்பது அரை மில்லிகிராம். கிழங்கில் எவ்வளவு என்று அம்மிக்குத் தெரியுமா? சித்த வைத்தியர்கள்கூட நச்சைக் குறைக்கும் சுத்தி முறை செய்துதான் இதைத் தொடுவார்கள்.

மாத்திரையிலும் கவனம் வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் எடுத்துக்கொண்டிருந்தாலோ டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கோல்சிசின் உடம்பில் தங்கிப்போகும். வலி போகவில்லையே என்று கூடுதலாக விழுங்குவதிலும் பலனில்லை. குறைந்த அளவே அதிக அளவுக்கு நிகராக வேலை செய்கிறது என்று 2010-ல் வந்த ஆய்வு காட்டியது.

இன்னொன்று, கோல்சிசின் யூரிக் அமிலத்தைக் குறைக்காது. அதற்கு அலோபியூரினால் அல்லது ஃபெபுக்சோஸ்டாட் என்ற வேறு மாத்திரைகள். அவற்றைத் தொடங்கிய முதல் சில மாதங்களில் வலி திரும்ப வரலாம். அதற்காகத்தான் கூடவே கோல்சிசினும் எழுதுகிறார்கள். 'மருந்து ஒத்துக்கொள்ளவில்லை' என்று பலர் நிறுத்துவது சரியாக அந்த நேரத்தில்தான்.