தையல் அறையில் அயர்ன் பாக்ஸ்: கை சுடாமல் வேலை செய்வது எப்படி? சுட்டுவிட்டால், துணி கருகினால் என்ன செய்வது?

கேள்வி: "வீட்டிலேயே தையல் ஆரம்பித்திருக்கிறேன். மெஷினுக்குப் பக்கத்திலேயே அயர்ன் பாக்ஸ் எந்நேரமும் சூடாக இருக்கிறது. இரண்டு வயதுக் குழந்தையும் உண்டு. என்னென்ன பார்த்துக்கொள்ள வேண்டும்? கை சுட்டாலோ கஸ்டமர் துணி கருகினாலோ என்ன செய்வது?"

கவனமாக இருங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை நாலு சட்டை தேய்ப்பவருக்கு அது போதும். அவர் கண் பெட்டி மேலேயே இருக்கும், வேலை முடிந்ததும் அணைத்துவிடுவார். தைப்பவர் பிழைப்பு அப்படி இல்லை. டாட் பிடித்தால் ஒரு தேய்ப்பு, பைப்பிங் வைத்தால் ஒரு தேய்ப்பு, ஹூக் பட்டி மடித்தால் ஒரு தேய்ப்பு. பெட்டி நாள் முழுக்கக் காய்ந்துகொண்டே இருக்கும், நம் கண்ணோ ஊசி நுனியில் இருக்கும். அதனால் கவனத்தை நம்பாதீர்கள். கவனம் தப்பினாலும் ஒன்றும் ஆகாதபடி அறையை அமைத்துவிடுங்கள். வீட்டின் முன்னறையில் தையல் கடை நடத்துகிறவள் நான். உதவிக்குப் பெண்கள் வருவதும் போவதுமாக இருப்பார்கள். புதிதாக வருகிறவளிடம் மெஷினைக் காட்டுவதற்கு முன்னால் பெட்டியை வைக்கும் இடத்தைத்தான் காட்டுவேன்.

அந்த இடம் வலது கைப்பக்கம், சுவரை ஒட்டி, மேசை விளிம்பிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி இருக்க வேண்டும். நான் பழைய தரை டைல் ஒன்றைப் போட்டிருக்கிறேன். பெட்டிக்கு அதுதான் வீடு, வேறெங்கும் வைக்கக் கூடாது. நிமிர்த்தி வைக்கக்கூடிய பெட்டியாக இருந்தாலும் டைல் மேல்தான். சீலிங் ஃபேன் காற்றில் ஷிஃபான் துண்டு பறந்து வந்து சூடான தட்டில் ஒட்டுவது எங்கள் ஊர்க் கோடையில் சாதாரணம். பெட்டிக்குப் பக்கத்தில் வெட்டுத்துணிக் கூடை வேண்டாம்.

வயர் காலில் மாட்டாத வழியில் வர வேண்டும். மேசையின் முன்பக்கம் தொங்கினால் உங்கள் கால் இழுக்கும், அல்லது குழந்தையின் கை இழுக்கும். சுவர்ப் பக்கமாக மேலிருந்து வரும்படி ஒரு கொக்கி அடித்துவிட்டால் தீர்ந்தது.

பெட்டி கை தவறி விழுந்தால் பிடிக்கப் போகாதீர்கள். இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். விழுகிற எதையும் பிடிப்பது கையின் இயல்பு, கத்தரிக்கோலானாலும் பெட்டியானாலும் கை முந்திக்கொண்டு போகும். உள்ளங்கை வெந்து வந்தவர்களை விசாரித்தால் பாதிக்கதை இதுதான். கையையும் காலையும் விலக்கி விழட்டும் என்று விட்டுவிடுங்கள். உடைந்தால் வேறு பெட்டி வாங்கலாம். விழுந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு எடுங்கள். அப்படி விழுந்த பெட்டியை எலெக்ட்ரீஷியனிடம் காட்டாமல் மறுபடி சொருகவும் வேண்டாம். வெளியே கீறல் தெரியாது, உள்ளே கம்பி பாடியைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

கரண்ட் விஷயத்துக்கு வருவோம். 1000 வாட் பெட்டி நான்கு ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும், சாதாரண 6 ஆம்பியர் பாயிண்ட் தாங்கும். 2000 வாட் ஸ்டீம் அயர்ன் ஒன்பது ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், அதற்கு 16 ஆம்பியர் பவர் பாயிண்ட்தான் வேண்டும். மலிவான எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மெஷின் மோட்டார், டேபிள் ஃபேன், அயர்ன் மூன்றையும் சொருகுவது தையல் அறைகளில் நான் அதிகம் பார்க்கும் தப்பு. பிளக்கைக் கழற்றியதும் தொட்டுப் பாருங்கள். சுடுகிறது என்றால் அந்தப் பாயிண்ட் தாங்கவில்லை என்று அர்த்தம். மூன்றாவது பின்னை உடைத்துவிட்டோ, டூ பின் அடாப்டர் போட்டோ ஓட்டாதீர்கள். எர்த் இல்லாத பெட்டியில் லீக்கேஜ் வந்தால் உங்கள் உடம்புதான் எர்த். போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் லீக் ஆனால் தானே அணைந்துகொள்ளும் சுவிட்ச்) ஒன்று இருந்தால் இந்த இடத்தில் உயிர் காக்கும். ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு தேய்ப்பதும் நல்ல பழக்கம். ஸ்டீம் அயர்னில் தண்ணீர் ஊற்றும்போது பிளக் வெளியே இருக்க வேண்டும்.

கரண்ட் போய்விட்டால் முதலில் செய்ய வேண்டியது பிளக்கைப் பிடுங்குவதுதான். மெழுகுவர்த்தி தேடுவது அப்புறம். கரண்ட் இல்லாத நேரத்தில் "சரி, நாளைக்குப் பார்க்கலாம்" என்று கதவைச் சாத்திவிட்டுப் போய், நடுராத்திரியில் கரண்ட் வந்து, துணி மேல் படுக்கவைத்த பெட்டி தன்பாட்டில் காய ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். தெர்மோஸ்டாட் இருக்கிறதே என்பார்கள். அது சூட்டை ஒரு அளவில் நிறுத்தி வைக்கும், அவ்வளவுதான். காட்டன் அளவில் வைத்த பெட்டியின் தட்டு 200 டிகிரி வரை இருக்கும். அந்தச் சூட்டில் மணிக்கணக்கில் கிடந்தால் எந்தத் துணியும் கருகாமல் தப்பாது.

தேய்க்கும் மேசையில் துணிக்கு அடியில் ஃபோம், பாலியெஸ்டர் போர்வை எதுவும் வேண்டாம். கட்டில் மெத்தை மேல் தேய்ப்பது கூடவே கூடாது. மடித்த பருத்தி ஜமுக்காளம், அதன் மேல் வெள்ளைக் காடாத் துணி போட்டால் போதும். மடிப்பு பிரித்துத் தேய்க்கும்போது விரலால் பிரித்துக்கொண்டே பெட்டியை ஓட்டும் பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. மர ஸ்கேலின் முனையால் பிரியுங்கள். பிளாஸ்டிக் ஸ்கேல் ஒரு தேய்ப்பிலேயே கோணிக்கொள்ளும். குண்டூசியின் பிளாஸ்டிக் தலையும் அப்படித்தான், உருகித் துணியில் பொட்டு வைத்துவிடும். கண்ணாடித் தலை குண்டூசி கிடைத்தால் வாங்கி வையுங்கள்.

குழந்தை விஷயத்தில் ஒரே பேச்சுதான். பெட்டி சூடாக இருக்கும்வரை குழந்தை அந்த அறைக்குள் வரக் கூடாது. சுவிட்சை அணைத்த பிறகும் அரை மணி நேரத்துக்கு மேல் அது சுடும், பார்த்தால் தெரியாது. அணைத்தாயிற்று என்று தரையில் வைத்த பெட்டியில்தான் குழந்தைகள் கை வைக்கின்றன. அதுவும் உள்ளங்கையை அப்படியே பதிக்கும், பயத்தில் சட்டென்று எடுக்கவும் தெரியாது. உள்ளங்கைக் காயம் ஆறும்போது தோல் இறுகி விரல் மடங்கிப்போகும் வாய்ப்பு உண்டு. அதனால் சின்னக் குழந்தைக்குச் சுட்டால், அளவு சின்னதாகத் தெரிந்தாலும் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். வாசலுக்குக் குழந்தை ஏறித் தாண்ட முடியாத உயரத்துக்கு ஒரு மரத் தடுப்பு வைத்தால் குழந்தையும் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும், நீங்களும் நிம்மதியாகத் தைக்கலாம்.

இனி, சுட்டேவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு முந்தின வாரம் என் கடைப் பெண் ஒருத்திக்கு மணிக்கட்டுக்கு மேலே தட்டின் விளிம்பு பட்டுவிட்டது. இரண்டு விரல் அகலத்துக்குச் சிவந்து எழும்பிவிட்டது. அவள் முதலில் ஓடியது இங்க் பாட்டிலைத் தேடி. பக்கத்து வீட்டு அத்தை அதற்குள் கிண்ணத்தில் இட்லி மாவோடு வந்துவிட்டார். அத்தையைக் கோபித்துக்கொள்ள முடியாது, மூன்று தலைமுறையாக அந்த வீட்டில் அதுதான் மருந்து. நான் அவள் கண்ணாடி வளையல்களையும் மோதிரத்தையும் கழற்றச் சொல்லிவிட்டு, கையைக் குழாயடியில் பிடித்தேன். கொஞ்ச நேரத்திலேயே "போதுமாக்கா?" என்றாள். போதாது. 20 நிமிடம் ஓடுகிற தண்ணீரில் கை இருக்க வேண்டும். பெட்டியை எடுத்த பிறகும் தோலுக்கு அடியில் சூடு இறங்கிக்கொண்டே இருக்கும், அதை நிறுத்துவது தண்ணீர்தான். உடனே முடியாமல் போனாலும், சுட்டு மூன்று மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு. வளையலை முதலில் கழற்றச் சொன்னது ஏன் என்றால், கை வீங்கிய பிறகு அது வராது.

இதில் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. மே மாத மத்தியானத்தில் மாடித் தொட்டிக் குழாயைத் திறந்தால் வெந்நீர் வரும். அதில் கையை நீட்டினால் சுட்ட இடத்தில் இன்னொரு சூடு. அதனால் கோடையில் ஒரு வாளித் தண்ணீரை நிழலில் தனியாக வைத்திருப்பேன், அதிலிருந்து மோந்து மோந்து ஊற்றலாம். ஐஸ் வைக்கக் கூடாது, வெந்த தோலுக்கு அதுவும் கெடுதல். டூத்பேஸ்ட், இங்க், மாவு, மஞ்சள், வெண்ணெய், தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். சூட்டை உள்ளே அடைப்பது ஒன்று, ஆஸ்பத்திரியில் அதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் காயத்தையே பார்க்க வேண்டியிருக்கும் என்பது இன்னொன்று. தண்ணீரில் காட்டிய பிறகு சுத்தமான பருத்தித் துணியால் இறுக்காமல் மூடினால் போதும். பஞ்சு வைக்காதீர்கள், ஒட்டிக்கொள்ளும். கொப்புளத்தை உடைக்காதீர்கள்.

எப்போது ஆஸ்பத்திரி? காயம் பட்டவரின் கையளவுக்கு மேல் இருந்தால், முகத்தில், உள்ளங்கையில், மூட்டில் பட்டிருந்தால், கரண்ட் அடித்து வெந்திருந்தால் உடனே கிளம்புங்கள். சர்க்கரை நோய் இருப்பவர்கள் சின்னக் காயத்தையும் காட்டிவிடுவது நல்லது. சுட்ட இடம் வெளுத்து, செருப்புத் தோல் மாதிரித் தடித்து, வலியே இல்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள். ஆழமாக வெந்து நரம்பு செத்திருக்கிறது என்று பொருள், வலிக்கிற காயத்தைவிட மோசம் அதுதான். டி.டி. ஊசி எப்போது போட்டோம் என்று நினைவில்லை என்றால் அதையும் கேளுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு, பெரிய தீக்காயங்களுக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தனிப் பிரிவு இருக்கிறது. ஆம்புலன்ஸுக்கு 108, தீயணைப்புக்கு 101. இந்த இரண்டு எண்ணையும் மெஷினுக்கு எதிர்ச் சுவரில் ஒட்டி வையுங்கள், பதற்றத்தில் தெரிந்த எண்ணும் மறந்துபோகும்.

ஒருவருக்கு ஷாக் அடித்துக்கொண்டிருந்தால் அவரைத் தொடாமல் மெயினை அணையுங்கள். துணி புகைந்தால் முதலில் பிளக், அப்புறம்தான் தண்ணீர். பருத்தி அடுக்கு மேலே அணைந்தது போலிருந்தாலும் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். முழுதாக நனைத்து வெளியே கொண்டுபோய்ப் போடுங்கள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தையல் அறை விபத்து என்றால் விரலில் ஊசி ஏறுவதைச் சொல்லாமல் விட முடியாது. பெடலிலிருந்து காலை எடுங்கள், கையை இழுக்காதீர்கள். சுவிட்சை அணைத்துவிட்டுச் சக்கரத்தைக் கையால் மெல்லத் திருப்பி ஊசியை மேலே கொண்டுவாருங்கள். பிறகு ஊசி முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள். நுனி இல்லை என்றால் அது விரலுக்குள் இருக்கலாம், எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

சுட்டுக்கொண்டவளுக்குக் காயம் ஆறினாலும் பயம் ஆறக் கொஞ்ச நாள் ஆகும். பெட்டியை எடுத்தாலே கை நடுங்கும், நடுங்கினால் மறுபடி சுடும். அந்த நாட்களில் ஹெம்மிங், ஹூக் கட்டுவது என்று உட்கார்ந்த வேலையாகக் கொடுத்துவிடுவேன். இதெல்லாம் பெரும்பாலும் தீபாவளிக்கு முன்னாலும் ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்னாலும் ராத்திரி நேரத்தில்தான் நடக்கிறது. தூக்கம் வந்த பிறகு மெஷினில் உட்காரலாமா என்பது உங்கள் இஷ்டம், பெட்டியை மட்டும் அணைத்துவிடுங்கள்.

கடைசியாகக் கஸ்டமர் துணி. பட்டு என்று சொல்லிக் கொடுப்பதில் பாதி பட்டாக இருக்காது. தையல் ஓரத்தில் ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, கீழே ஒரு எவர்சில்வர் தட்டை வைத்துக்கொண்டு நெருப்பில் காட்டுங்கள். பட்டு முடி கருகிய வாசம் வீசும், சாம்பல் விரலில் நசுங்கிப் பொடியாகும். பாலியெஸ்டர் உருகிச் சின்ன மணி மாதிரி கெட்டியாகிவிடும். பருத்தி காகிதம் எரிந்த வாசம். ஜரிகையையும் இப்படிப் பார்க்கலாம். இப்போது வரும் மலிவு ஜரிகையில் நிறைய பிளாஸ்டிக், சூடு பட்டதும் சுருட்டிக்கொள்ளும். பெட்டியில் உள்ள புள்ளிகளுக்குக் கணக்கு உண்டு. ஒரு புள்ளி 110 டிகிரி வரை, இரண்டு புள்ளி 150 வரை, மூன்று புள்ளி 200 வரை. பட்டுக்கு இரண்டுக்கு மேல் போகாதீர்கள், மேலே ஒரு மெல்லிய பருத்தித் துணியைப் போட்டு உள்பக்கமாகத் தேயுங்கள்.

வெள்ளைப் பருத்தியில் லேசான பழுப்புக் கறை என்றால், மருந்துக் கடை ஹைட்ரஜன் பெராக்சைடைத் தண்ணீர் கலந்து தடவி வெயிலில் காய வைத்தால் பெரும்பாலும் போய்விடும். கலர் துணியில் அதைச் செய்யாதீர்கள், கலரும் சேர்ந்து போகும். உருகிய பாலியெஸ்டருக்கு மருந்து கிடையாது. இடத்தைப் பொறுத்து லேஸோ பேட்ச்சோ வைத்து மறைக்கலாம், ஆனால் கஸ்டமரைக் கேட்காமல் வைக்கக் கூடாது. டெலிவரி அன்று கவரைப் பிரித்து அவரே கண்டுபிடிக்கும்படி விடாமல் அன்றைக்கே போன் செய்து சொல்லிவிடுங்கள். நான் துணிக்கான பணத்தைக் கொடுத்துவிடுவேன், கூலியும் வாங்க மாட்டேன். கருக்கிய பெண்ணின் சம்பளத்தில் அதைப் பிடிப்பது எனக்குப் பிடிக்காது, பிடித்தால் அடுத்த முறை மறைப்பாள். புடவையோடு வரும் ப்ளவுஸ் பிட்டுக்குத்தான் மாற்றே கிடைக்காது. பெட்டி சூடேற எடுக்கும் நேரத்தைவிட ஆற எடுக்கும் நேரம் அதிகம் என்பதால், அவற்றையும் சிந்தெடிக் துணிகளையும் காலையில் முதலிலேயே குறைந்த சூட்டில் முடித்துவிடுவோம். காட்டன் வேலையெல்லாம் அதற்குப் பிறகுதான்.