கண் எங்கே போகிறது?

கேள்வி: தமிழ் சினிமாவில் மறக்க முடியாத ஜோடி நடனம் ‘ரௌடி பேபி’தானே? 100 கோடி பார்வை தாண்டிய பாட்டு. எங்கள் ஏரியா தியேட்டரில் ஜனங்கள் திரைக்கு முன்னால் ஓடிப்போய் ஆடினார்கள். நீங்கள் மட்டும் எப்போது பார்த்தாலும் கறுப்பு வெள்ளைப் படங்களையும் இங்கிலீஷ் படங்களையும் தூக்கிப் பிடிப்பது ஏன்? ஒரே வரியில் பதில் வேண்டும்.
– ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: ஒரே வரியில் என்றால், இல்லை.

காரணம் வேண்டுமானால் மேலே படியுங்கள். 2018இல் வந்த ‘மாரி 2’ படப் பாட்டு 2020 நவம்பரில் யூடியூபில் 100 கோடியைத் தொட்டது உண்மைதான். பிள்ளைக்குச் சோறு ஊட்ட அம்மாக்கள் ஓடவிட்டதும் அந்தக் கணக்கில் சேர்த்திதான். அதை வைத்து நடனத்தை அளப்பது, அண்டாவின் எடையைப் பார்த்து பிரியாணிக்கு மார்க் போடுகிற மாதிரி.

பாட்டு மோசம் என்று நான் சொல்லவில்லை. பிரபுதேவா அமைத்த ஆட்டம். தனுஷும் சளைக்கவில்லை, சாய் பல்லவிக்கு உடம்பில் எலும்பு இருக்கிறதா என்றே சந்தேகம் வரும். ஆனால் இன்னொரு தடவை போட்டுவிட்டு, அவர்களுடைய கண் எங்கே போகிறது என்று மட்டும் கவனியுங்கள். பாதி நேரம் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கேமராவைப் பார்த்து ஒரே அசைவை ஆடுகிறார்கள். அந்த இடங்களில் ஒருவரை எடுத்துவிட்டாலும் மற்றவர் ஆட்டத்தில் ஒரு அடிகூடக் குறையாது. நம்முடைய டூயட்டில் முக்கால்வாசி இப்படித்தான், ‘ரௌடி பேபி’யை மட்டும் பிடித்து உதைப்பது நியாயமில்லை.

நான் தேடுவது வேறு. இவர் ஒன்று செய்ய, அதைப் பார்த்து அவர் தன் அடுத்த அடியை மாற்றவேண்டும்.

‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ (1958) போட்டி நடனத்தில் அது இருக்கிறது. பத்மினியும் வைஜயந்திமாலாவும் ஆடும்போது இடையில் பி.எஸ். வீரப்பா “சபாஷ், சரியான போட்டி” என்பார். அந்த வசனம்தான் இன்றைக்கும் எல்லோர் வாயிலும் இருக்கிறது, ஆட்டத்தை அமைத்த ஹீராலால் பெயர் பாதிப்பேருக்குத் தெரியாது. ஒருத்தி ஆடும்போது மற்றவள் சும்மா நிற்பதில்லை. அளக்கிறாள், உதட்டைச் சுழிக்கிறாள், தன் முறை வந்ததும் அவள் விட்ட இடத்திலிருந்து எடுத்து ஒரு படி மேலே போகிறாள். பின்னணியில் பி. லீலாவும் ஜிக்கியும் தங்கள் பங்குக்குக் குரலில் மல்லுக்கட்டுகிறார்கள். ஒருத்தியை எடுத்துவிட்டால் அந்தக் காட்சியில் மிச்சம் என்ன?

இருவரும் பெண்களாயிற்றே, அது எப்படி ஜோடி என்பீர்கள். உங்கள் பக்கத்து வால்டாக்ஸ் ரோட்டில், ஒற்றைவாடைத் தியேட்டரில் பாய்ஸ் கம்பெனிகள் நாடகம் போட்ட காலத்தில் ராஜாவும் ராணியும் ஆண்பிள்ளைகள்தான். யாரும் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்கவில்லை.

இங்கிலீஷ் படங்களுக்கு வருகிறேன். ஹாலிவுட் நடன ஜோடி ஃப்ரெட் அஸ்டேரும் ஜிஞ்சர் ரோஜர்ஸும் 1933 முதல் 1949 வரை பத்துப் படங்களில் சேர்ந்து நடித்தார்கள். அஸ்டேர் ஒரு விஷயத்தில் கறார்: தலையிலிருந்து கால்வரை முழு உடம்பும் தெரியவேண்டும், வெட்டு முடிந்தவரை இருக்கக்கூடாது. ‘ஸ்விங் டைம்’ (1936) படத்தின் கடைசி நடனத்தை 40 தடவைக்கு மேல் எடுத்தார்கள், ரோஜர்ஸ் காலில் ரத்தம் வந்துவிட்டது. கதைப்படி அவள் வேறொருவனைக் கட்டிக்கொள்ளப் போகிறாள். இருவரும் மெல்ல நடக்கிறார்கள், நடை ஆட்டமாகிறது, பிடிக்கிறான், விலகுகிறாள், கடைசியில் போயே விடுகிறாள். வசனமாக எழுதியிருந்தால் நாலு பக்கம் அழுகை வந்திருக்கும்.

மேடையில் எனக்குப் பிடித்தது ‘தி கிங் அண்ட் ஐ’. 1951இல் பிராட்வேயில் வந்தது, 1956இல் படமானது. சயாம் ராஜாவுக்கு இங்கிலீஷ் டீச்சர் போல்கா என்ற ஐரோப்பிய ஜோடி நடனத்தைச் சொல்லித்தருகிறாள். முதலில் கையை மட்டும் பிடித்துக்கொண்டு ஆடுகிறார்கள். ராஜா நிறுத்துகிறார். ஐரோப்பியர்கள் இப்படி ஆடி நான் பார்த்ததில்லையே என்று சொல்லி, அவள் இடுப்பில் கை வைக்கிறார். கதை முழுக்க இருவரும் காதல் என்று ஒரு தடவைகூட வாய்திறந்து சொல்வதில்லை, அந்தக் கை சொல்லிவிடுகிறது. ஆடி முடித்த சூட்டிலேயே, ராஜாவின் அந்தப்புரத்திலிருந்து ஓடிப்போன பெண்ணைப் பிடித்து வந்து நிறுத்துகிறார்கள். எல்லாம் உடைந்துபோகிறது.

இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாசாரம் என்று வட சென்னைக்காரர் சொல்லக்கூடாது. பெரம்பூரிலும் ராயபுரத்திலும் ரயில்வே ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் கிறிஸ்துமஸ், புத்தாண்டுக்கு வால்ட்ஸ், ஜைவ் என்று ஜோடி நடனங்கள் ஆடிய ஊர் இது. முதுகில் வைத்த உள்ளங்கை லேசாக அழுத்தினால், எந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்று எதிரே இருப்பவருக்குப் புரிந்துவிடும்.

அப்படியானால் சமீபத்தில் எதுவுமே இல்லையா? ‘மின்சார கனவு’ (1997) படத்தில் பிரபுதேவாவும் கஜோலும் ஆடிய ‘வெண்ணிலவே’ இருக்கிறது, நடன அமைப்புக்குத் தேசிய விருது வாங்கிய பாட்டு. ஆனால் என் ஓட்டு ‘சார்பட்டா பரம்பரை’ (2021) டான்சிங் ரோஸுக்கு. உங்கள் ஏரியாக் கதைதான், குத்துச்சண்டைதான், மறுக்கவில்லை. ரோஸ் கால் மாற்றிக் கால் போட்டு வளையத்துக்குள் ஆடுகிறான், எதிரே நிற்கும் கதாநாயகன் கபிலன் முதலில் திணறுகிறான், அப்புறம் அந்தத் தாளத்தைப் படித்து அதற்குள் நுழைகிறான். கபிலன் ஜெயித்த பிறகும் நம் கண் ரோஸைத்தானே தேடியது?

கடைசியாக, தியேட்டரில் ஆடியவர்கள். அவர்களை நான் ஒரு சொல் குறைத்துச் சொல்ல மாட்டேன். குத்தாட்டத்துக்கு எதிரே ஒரு ஜோடி நிற்கவேண்டியதில்லை. மேளம் அடிக்கிறவர் இருந்தால் போதும். அவர் வேகத்தைக் கூட்டினால் ஆடுகிறவர் கூட்டுகிறார், ஆடுகிறவர் தரையில் உட்கார்ந்து எழுந்தால் அவர் அதற்கென்று ஒரு அடி போடுகிறார். தெருவில் இதைத் தினமும் பார்க்கிறீர்கள். சினிமாவில் அந்த இருவரையும் வெட்டாமல் ஒரே ஷாட்டில் காட்டிய பாட்டு ஏதாவது உங்களுக்கு ஞாபகம் வந்தால் எழுதுங்கள். ‘ரௌடி பேபி’யை விட்டுவிட்டு அதைப் பேசலாம்.