ரீப்ளே போனதைவிடக் கூடுதல் நேரம் தங்கியதுதான் தொல்லை

கேள்வி: இங்கிலாந்துக் கால்பந்தின் 2024-25 எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் பெரும்பாலான நேரம் பந்தே தொடாத கிறிஸ்டல் பேலஸ் வென்றது வெறும் அதிர்ஷ்டம்தானே? அந்த சீசனில் ரீப்ளேயை, அதாவது டிரா ஆன ஆட்டத்தை இன்னொரு நாள் திரும்ப ஆடும் வழக்கத்தை, ஒழித்துவிட்டார்கள். இனி சின்ன அணிகளுக்கு அந்தக் கோப்பையில் என்ன வேலை? கோப்பையை வென்ற அணியையே ஐரோப்பாவின் இரண்டாம் நிலைப் போட்டியான யூரோப்பா லீக்கிலிருந்து இறக்கியது எந்த ஊர் நியாயம்?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: அதிர்ஷ்டம் என்று முத்திரை குத்துமுன் பேலஸ் ஆடிய ஆறு ஆட்டங்களையும் வரிசையாகப் பாருங்கள். மூன்றாம் சுற்றில் ஸ்டாக்போர்ட் கவுன்டியை 1-0. நான்காம் சுற்றில் டான்காஸ்டர் ரோவர்ஸை அவர்கள் மைதானத்தில் 2-0. ஐந்தாம் சுற்றில் மில்வாலை 3-1. காலிறுதியில் ஃபுல்ஹாமை அவர்கள் ஊரிலேயே 3-0. வெம்ப்ளி அரையிறுதியில் ஆஸ்டன் வில்லாவை 3-0. இறுதியில் மான்செஸ்டர் சிட்டியை 1-0. போட்டது 13, வாங்கியது 1. ஒன்றுகூட 90 நிமிடம் தாண்டிக் கூடுதல் நேரத்துக்குப் போகவில்லை. வில்லாவுக்கு எதிராக ஒரு பெனால்டியைப் பேலஸின் முன்கள வீரர் மட்டேட்டா வெளியே அடித்தும் மூன்று கோல் வித்தியாசம். இது அதிர்ஷ்டம் என்றால் அந்த அதிர்ஷ்டத்துக்கு ஜனவரி முதல் மே வரை நல்ல உடற்பயிற்சி இருந்திருக்கிறது.

பந்து காலில் இல்லாதது பேலஸின் பலவீனம் அல்ல, அப்போதைய பயிற்சியாளர் கிளாஸ்னரின் திட்டம். பின்னால் மூன்று தடுப்பாட்டக்காரர்கள். பந்து எதிரணியிடம் இருக்கும்போது இரு ஓரங்களிலும் ஓடும் விங் பேக்குகள் இறங்கி வந்து ஐவராகிவிடுவார்கள். பந்தைப் பறித்ததும் அதே விங் பேக்குகள் ஓடத் தொடங்குவார்கள். 16-ஆவது நிமிடத்துக் கோல் அப்படி வந்ததுதான். முன்னால் தனியாக நின்ற மட்டேட்டா பந்தைத் தாங்கி வலது பக்கம் விட்டார், விங் பேக் முனோஸ் ஓடிவந்து குறுக்கே அடித்தார், எஸே அதைத் தரையில் விழவிடாமல் உள்பாதத்தால் வலைக்குள் திருப்பினார். சிட்டியின் நடுக்களத்தில் பெர்னார்டோ சில்வாவும் டி பிரய்னும்தான். எதிர்த்தாக்குதலை முளையிலேயே கிள்ளுகிற ஆள் யாரும் இல்லை, அந்த வேலைக்கான ரோட்ரி அன்று ஆடவில்லை. அந்த ஓட்டையை வைத்தது அப்போதைய சிட்டி பயிற்சியாளர் கார்டியோலா. பேலஸ் அதன் வழியாகப் போனது, அவ்வளவுதான்.

அதிர்ஷ்டம் எங்கே என்று கேட்டால் ஓர் இடத்தைக் காட்டலாம். சிட்டியின் ஹாலண்ட் துரத்திய பந்தை பேலஸ் கோல்கீப்பர் ஹெண்டர்சன் பெனால்டி கட்டத்துக்கு வெளியே கையால் தட்டிவிட்டார். களத்தில் நடுவர் அதற்கு விசில் ஊதவில்லை. வீடியோ பார்த்துத் தீர்ப்பைச் சரிபார்க்கும் வி.ஏ.ஆருக்கு ஃப்ரீ கிக் கொடுக்கும் அதிகாரம் கிடையாது, அது ரெட் கார்டா இல்லையா என்று மட்டுமே பார்க்க முடியும். ரெட் கார்டு என்றால் 'தெளிவான கோல் வாய்ப்பு' பறிபோயிருக்க வேண்டும். அதற்குக் கோலிலிருந்து உள்ள தூரம், ஆட்டம் போகும் திசை, பந்து கட்டுப்பாட்டுக்குள் வருமா, தடுப்பாட்டக்காரர்கள் எங்கே என்று நாலையும் பார்ப்பார்கள். பந்து கோலை விட்டு விலகிப் போனது என்று விட்டுவிட்டார்கள். என் கண்ணுக்கு அது ரெட் கார்டு. ஆனால் கொஞ்ச நேரத்தில் அதே ஹெண்டர்சன் சிட்டியின் மர்மூஷ் அடித்த பெனால்டியைப் பாய்ந்து தடுத்ததும், இரண்டாம் பாதியில் முனோஸ் போட்ட கோலை அதே வி.ஏ.ஆர். ஆஃப்சைடு என்று அழித்ததும் கணக்கில் சேர வேண்டும் அல்லவா?

அநியாயம் பற்றிப் பேச ஆசை என்றால் லெஸ்டரைப் பற்றிப் பேசுங்கள். அந்த சீசனில் வி.ஏ.ஆர். ஐந்தாம் சுற்றில்தான் தொடங்கியது. நான்காம் சுற்றில், பிப்ரவரி 7 அன்று மான்செஸ்டர் யுனைடெட்டின் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில் லெஸ்டருடன் 1-1 என்று இருந்த ஆட்டத்தில், 93-ஆவது நிமிடம் ஆஃப்சைடில் நின்ற மாக்வயர் தலையால் முட்டி யுனைடெட்டை ஜெயிக்க வைத்தார். பார்த்துத் திருத்த ஆளில்லை. அடுத்த சுற்றில் இதற்கு நேர்மாறு: போர்ன்மவுத் - வுல்வ்ஸ் ஆட்டத்தில் ஒரு கோலைச் சரிபார்க்க எட்டு நிமிடம். புதிதாக இறக்கிய தானியங்கி ஆஃப்சைடு கருவி, கோல் வாயிலில் ஆட்கள் முண்டியடித்து நின்றதில் திணறிப்போக, பழையபடி கையால் கோடு போட்டார்கள்.

இனி ரீப்ளே. முதலில் பேலஸைச் 'சின்ன அணி' பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். பிரீமியர் லீக் கிளப், மூன்றாம் சுற்றில்தான் உள்ளே வரும், ஆறு ஆட்டம் ஜெயித்தால் கோப்பை. ஆகஸ்டில் முதல் தகுதிச் சுற்றுக்கும் முந்தைய கூடுதல் சுற்றில் தொடங்குகிற ஊர்க் கிளப்புக்குத் தகுதிச் சுற்றுகள் ஆறு, பிரதான சுற்றுகள் எட்டு, ஆக 14 வெற்றி வேண்டும். 2024 ஏப்ரலில் அறிவித்து அந்த சீசனில் நடைமுறைக்கு வந்த மாற்றம் பிரதான சுற்றுகளுக்குத்தான், தகுதிச் சுற்றுகளில் ரீப்ளே அப்படியே இருந்தது. 'ஒழித்துவிட்டார்கள்' என்று நீங்கள் எழுதியது பாதி உண்மை. சாம்பியன்ஸ் லீக் 36 அணிகளாகப் பெருத்து ஜனவரியிலும் ஆட்டம் வைத்ததால் நாள்காட்டியில் இடமில்லை என்பது காரணம். கீழ்ப்பிரிவு கிளப்புகளை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது அவர்கள் தரப்புப் புகார்.

ரீப்ளே சின்ன அணிக்கு என்ன கொடுத்தது என்பதில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். அது கொடுத்தது பெரும்பாலும் பணம். வெற்றி எப்போதாவது. முதல் ஆட்டம் பெரிய அணியின் மைதானத்தில் அமைந்து டிரா ஆனால் மட்டுமே ரீப்ளே சின்ன அணியின் ஊருக்கு வரும். 1972-இல் ஹியர்ஃபோர்ட் நியூகாசிலை வீழ்த்தியது அப்படித்தான். நியூகாசிலில் 2-2, பிறகு சொந்த மண்ணில், சேற்றுக்குள், 2-1. முதல் ஆட்டமே சின்ன அணியின் ஊரில் என்றால் ரீப்ளேக்கு அவர்கள் பெரிய ஸ்டேடியத்துக்குப் போக வேண்டும். பெரும்பாலும் அங்கே தோல்விதான், ஆனால் டிக்கெட் வசூலில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான பங்கு கைக்கு வரும். 2005-இல் எக்ஸ்டர் சிட்டி ஓல்ட் டிராஃபோர்டில் 0-0 ஆடி, ரீப்ளேயில் 0-2 தோற்றது. வெளியேறினாலும் அந்த இரண்டு ஆட்டத்தின் வருமானம் கடனில் முழுகிக் கிடந்த கிளப்பை மேலே தூக்கியது. இப்போது போனது இந்தப் பணம்தான். கீழ்நிலைக் கிளப்புகளுக்குப் பிரீமியர் லீக் கூடுதலாகக் கொடுக்கிற தொகை எல்லோருக்கும் பிரித்துப் போவது. ஒரே ராத்திரியில் ஒரு கிளப்பின் கடனை அது அடைக்காது.

பெரிய தலைகள் உருள்வது நின்றுவிட்டதா என்றால், இல்லவே இல்லை. பிப்ரவரி 9 அன்று இரண்டாம் பிரிவின் கடைசி இடத்தில் கிடந்த பிளிமத், பின்னால் லீக் சாம்பியன் ஆகப்போகிற லிவர்பூலை 1-0 என்று அனுப்பிவைத்தது. எலியட் கையில் பட்ட பந்துக்குப் பெனால்டி, ஹார்டி அடித்தார். சாலாவையும் வான் டைக்கையும் வீட்டில் விட்டுவிட்டு வந்தால் இதுதான் கதி. ரீப்ளே இருந்தாலும் இல்லாவிட்டாலும் 90 நிமிடத்தில் ஜெயிக்கிற அணி ஜெயிக்கும்.

சிக்கல் 90 நிமிடம் தாண்டினால் வருவது. ஜனவரி 12 அன்று ஐந்தாம் பிரிவு டாம்வொர்த், தன் செயற்கைப் புல் மைதானத்தில் டாட்டன்ஹாமை 0-0 என்று நிறுத்தியது. முதல் சுற்றில் ஹடர்ஸ்ஃபீல்டை வெளியேற்றிய அணி அது. கோல்கீப்பர் ஜஸ் சிங்குக்கு வாரநாளில் கட்டடச் சர்வேயர் வேலை. பழைய விதிப்படி அன்றோடு ஆட்டம் முடிந்து, 60,000-க்கு மேல் ஆள் உட்காரும் டாட்டன்ஹாம் ஸ்டேடியத்துக்கு ரீப்ளே போயிருக்கும். புதிய விதிப்படி இன்னும் 30 நிமிடம். பெஞ்சிலிருந்து சோன், குலுசெவ்ஸ்கி என்று புதுக்கால்கள் இறங்கின. வேலைக்குப் போய்விட்டு வந்து ஆடுகிறவர்களின் தொடை அந்நேரத்துக்குப் பிடிக்கத் தொடங்கியிருக்கும். 101-ஆவது நிமிடம் ஓன் கோல், பிறகு இரண்டு. முடிவு 0-3. மாற்று ஆட்டக்காரர் ஐந்து பேர், கூடுதல் நேரத்தில் ஆறாவது ஒருவரும் உண்டு. விதி இருவருக்கும் ஒன்றுதான், ஆனால் ஒரு பெஞ்சில் சர்வதேச வீரர்கள், இன்னொன்றில் அரைநாள் விடுப்பு எடுத்து வந்தவர்கள்.

எக்ஸ்டர் அதைத் தாங்கியது உண்மை. அதே எக்ஸ்டர், நான்காம் சுற்றில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டுடன் 2-2. கடைசி நேரத்தில் ஒருவர் ரெட் கார்டு வாங்கிப் பத்துப் பேராகியும் கூடுதல் நேரம் முழுக்க நின்றார்கள், பெனால்டியில்தான் தோற்றார்கள். அது விதிவிலக்கு. அரை மணி நேரம் கூட்டினால் லாபம் யாருக்கு என்பதற்கு டாம்வொர்த்தே சாட்சி.

ஆகவே ரீப்ளேயைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கமாட்டேன், நாள் இல்லை. 90 நிமிடம் முடிந்ததும் நேராகப் பெனால்டிக்குப் போங்கள் என்பேன், காலிறுதிக்கு முந்தைய சுற்றுகள் வரையாவது. இங்கிலாந்தின் இன்னொரு கோப்பையான லீக் கோப்பையில் பல வருடங்களாகத் தொடக்கச் சுற்றுகளில் அப்படித்தான். பலன்? 2025 ஆகஸ்டில் நான்காம் பிரிவு கிரிம்ஸ்பி, மான்செஸ்டர் யுனைடெட்டுடன் 2-2 ஆடி, கூடுதல் நேரமில்லாமல் பெனால்டிக்குப் போய் 12-11 என்று வென்றது. அந்த அரை மணி நேரம் இருந்திருந்தால் கிரிம்ஸ்பி ஜெயித்திருக்கும் என்று பந்தயம் கட்டுவீர்களா?

ரீப்ளே மீது பாசம் வைத்திருக்கும் நீங்கள் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: பேலஸுக்கு 1990-லேயே கோப்பை கிடைத்திருக்க வேண்டியது. யுனைடெட்டுக்கு எதிரான இறுதியில் பேலஸின் இயன் ரைட் மாற்றாக வந்து இரண்டு கோல் போட்டு 3-2 ஆக்கினார். கூடுதல் நேரம் முடிய ஏழு நிமிடம் இருக்கையில் யுனைடெட்டின் ஹியூஸ் சமன் செய்தார். ரீப்ளேயில் 0-1. அந்த ரீப்ளே நடந்தது மே 17, சிட்டியை வென்றதும் மே 17, நடுவே 35 வருடம்.

யூரோப்பா விவகாரம் ஆடுகளத்துக்கு வெளியே நடந்தது. பேலஸில் பெரும் பங்கு வைத்திருந்த ஜான் டெக்ஸ்டரின் நிறுவனம்தான் பிரான்ஸின் லியோனுக்கும் சொந்தக்காரர். ஒரே கை இரண்டு கிளப்பை நடத்தினால் இரண்டும் ஒரே ஐரோப்பியப் போட்டியில் ஆடக்கூடாது என்பது ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபாவின் விதி. மோதினால் உள்நாட்டு லீகில் மேலே முடித்தவருக்கு இடம். லியோன் ஆறாவது, பேலஸ் பன்னிரண்டாவது. கோப்பை வென்றதற்கு அங்கே தனி மதிப்பெண் கிடையாது. பங்குகளைப் பிரித்துக்கொள்ளக் கடைசி நாள் 2025 மார்ச் 1. பேலஸ் அன்றைக்கு மில்வாலோடு ஐந்தாம் சுற்றில் ஆடிக்கொண்டிருந்தது. எட்டாவது நிமிடத்துக்குள் மில்வால் கோல்கீப்பர் உயர்த்திய காலில் மட்டேட்டாவின் காது கிழிந்து 25 தையல். இந்தக் கோப்பையை ஜெயிப்போம் என்று அன்று நம்பியிருந்தால் வக்கீலிடம் காகிதம் தயாராக இருந்திருக்கும். டெக்ஸ்டர் தன் பங்கை விற்றது கோடையில், கெடு தாண்டி. ஆகஸ்டில் விளையாட்டு நடுவர் மன்றமும் மேல்முறையீட்டைத் தள்ளியது. பேலஸ் அதற்கும் அடுத்த நிலைப் போட்டியான கான்ஃபரன்ஸ் லீக்குக்கு இறங்கியது, அதன் இடத்தில் லீகில் ஏழாவது வந்த நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் ஏறியது. விதியில் எனக்கு வருத்தமில்லை. கெடுவைத் தவறவிட்ட முதலாளிகளின் பெயரை உங்கள் அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.