புது மருந்து வரும்வரை தம்பி காத்திருக்கலாமா?

கேள்வி: என் தம்பிக்கு வயது 20. ஆறு மாதமாகக் கல்லூரிக்குப் போகவில்லை. அறையைத் தாழிட்டுக்கொண்டு கிடக்கிறான். செல்போன் வழியாக யாரோ தன் மனதைப் படிக்கிறார்கள் என்கிறான். ராத்திரியில் தனக்குத்தானே பேசுகிறான். ‘பரீட்சை பயம், தானாகச் சரியாகிவிடும்’ என்கிறார் அப்பா. பழைய மாத்திரைகள் ஆளையே முடக்கிவிடும், இப்போது புதிதாக ஒன்று வந்திருக்கிறது, அது கிடைக்கும்வரை பொறுக்கலாம் என்கிறார் மாமா. காத்திருக்கலாமா டாக்டர்?

பதில்: வேண்டாம் அம்மா. இந்த வாரமே மனநல மருத்துவரிடம் நாள் வாங்கிவிட்டு, மீதியைப் படியுங்கள்.

நீங்கள் எழுதியிருப்பது சைக்கோசிஸின், அதாவது எது நிஜம் என்று பிரித்தறிய முடியாமல் போகும் நிலையின், தொடக்கமாக இருக்கலாம். கடிதத்தை வைத்து நோய்க்குப் பெயர் சூட்ட மாட்டேன். கஞ்சா, தைராய்டுக் கோளாறு, வலிப்பு, மூளை அழற்சி எல்லாமே இப்படித் தோன்றக்கூடும். உடலின் எதிர்ப்பாற்றலே மூளையின் என்எம்டிஏ ஏற்பிகளை (நரம்பணுக்கள் செய்தி வாங்கும் இடங்களில் ஒரு வகை) தாக்கும் ஒரு நோயை 2007-ல்தான் அடையாளம் கண்டார்கள். மனநோய் என்று நினைத்து அதைத் தவறவிட்டால் உயிருக்கே ஆபத்து. கண்டுபிடித்தால் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள். ஆகவே ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் ஸ்கேன் பற்றி முதல் நாளே கேளுங்கள்.

மாமா சொல்லும் மருந்து சனோமெலின்-டிராஸ்பியம் கூட்டாக இருக்க வேண்டும். 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 1952-ல் சைக்கோசிஸுக்கான முதல் மருந்தான குளோர்புரோமசின் வந்ததிலிருந்து ஏறக்குறைய எல்லா மருந்துகளும் டோபமின் என்ற மூளை வேதிப்பொருளின் வழியிலேயே வேலை செய்தன. இது மஸ்கரினிக் என்ற வேறு வகை ஏற்பிகள் வழியே போகிறது. உடல் விறைப்பும் எடை கூடுவதும் குறைவு என்பதால் எனக்கும் இதில் நம்பிக்கை உண்டு. ஆனால் குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் வரும். அனுமதிக்கு அடிப்படையான சோதனைகள் 5 வாரமே நடந்தன. ஏற்கெனவே ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு) என்று உறுதியாகி, அப்போது அறிகுறிகள் தீவிரமாகியிருந்த பெரியவர்களிடம் நடந்தன. இன்னும் மருந்தே தொடாத உங்கள் தம்பி இதற்காகக் காத்திருக்க ஒரு காரணமும் இல்லை.

காத்திருப்பதில் என்ன இழப்பு? நார்வேயின் ரோகலான் பகுதியில் பத்திரிகை, வானொலி, பள்ளிகள் வழியாக நோயின் அறிகுறிகளைச் சொல்லி, கூப்பிட்டால் உடனே வந்து பார்க்கும் குழுக்களையும் வைத்தார்கள். நோய் தொடங்கி சிகிச்சைக்கு வர அங்கே ஆன இடைவெளியின் இடைநிலை அளவு (பாதிப் பேர் அதற்குள் வந்துவிட்டார்கள் என்று பொருள்) 5 வாரம். அந்த ஏற்பாடு இல்லாத பகுதிகளில் 16 வாரம். பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது, முந்தி வந்த பகுதியில் குணமாகி வாழ்ந்தோர் விகிதம் ஏறத்தாழ இரு மடங்கு. அமெரிக்காவில் 404 பேரை வைத்து நடந்து 2015-ல் வெளியான ஆய்விலும் இதே பாடம். மருந்து, பேச்சு சிகிச்சை, குடும்பத்துக்கு வழிகாட்டல், படிப்புக்கும் வேலைக்கும் உதவி என நான்கையும் ஒரே குழு கொடுத்தது. அங்கே சிகிச்சைக்கு வர ஆன இடைநிலைக் காலம் 74 வாரம்! அதற்கு முன்பே வந்தவர்களுக்குத்தான் பலன் கூடுதல். அப்பாவிடம் இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள்.

முடக்கிவிடும் என்ற பயத்தைப் பற்றி. முதல் முறை நோய் வருபவர்களுக்குக் குறைந்த அளவே பெரும்பாலும் போதும். தம்பி மந்தமாகிவிட்டால், கை கால் விறைத்தால், மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம். முதல் நாளிலிருந்தே எடையைக் குறித்து வையுங்கள்.

அவனை எப்படி அழைத்துப் போவது? இங்கேதான் பல குடும்பங்கள் தடுக்கி விழுகின்றன. ‘செல்போனில் யாரும் இல்லைடா’ என்று வாதாடாதீர்கள், ‘ஆமாம்’ என்றும் தலையாட்டாதீர்கள். அவனுக்கு அது நடப்பது நிஜம்; அந்தப் பயம் நிஜம். ‘நீ சரியாகத் தூங்கி ரொம்ப நாளாச்சு, பயந்து போயிருக்கே, அதுக்கு ஒரு டாக்டரைப் பார்க்கலாம், நானும் கூட வர்றேன்’ என்று சொல்லுங்கள். கல்யாணத்துக்குப் போகிறோம் என்று பொய் சொல்லி ஆஸ்பத்திரி வாசலில் இறக்காதீர்கள். ஏற்கெனவே உலகத்தைச் சந்தேகிக்கும் பிள்ளைக்கு நீங்களும் சந்தேகப் பட்டியலில் சேர்ந்துவிடுவீர்கள். சாவதைப் பற்றிப் பேசினால், குரல்கள் தன்னையோ பிறரையோ தாக்கச் சொல்வதாகச் சொன்னால், நாள் பார்க்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

கேள்வி: இரண்டு மருந்துகளை மாற்றி மாற்றிக் கொடுத்தும் என் மகனுக்குக் குரல்கள் நிற்கவில்லை. க்ளோசபின் தொடங்கலாம் என்கிறார் டாக்டர். அடிக்கடி ரத்தம் எடுக்க வேண்டுமாம். பயமாக இருக்கிறது.

பதில்: தொடங்குங்கள். 1988-ல் வெளியான ஆய்வில், வேறு மருந்துகளுக்கு மசியாதவர்களிடம் இரண்டு மருந்துகளை ஆறு வாரம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். க்ளோசபினுக்கு 30 சதவீதம் பேர் தேறினார்கள், குளோர்புரோமசினுக்கு 4 சதவீதம். என் அனுபவத்தில் இதைக் கேட்டு வருபவர்கள் பெரும்பாலும் பல ஆண்டுகள் தாமதித்தே வருகிறார்கள். உங்கள் டாக்டர் சரியான நேரத்தில் சொல்கிறார். நூற்றில் ஒருவருக்கும் குறைவாக வெள்ளணுக்கள் ஆபத்தான அளவுக்கு இறங்கும். அதை முன்கூட்டியே பிடிக்கத்தான் ஆரம்பத்தில் வாராவாரம் ரத்தம் எடுக்கிறார்கள். பிறகு இடைவெளி கூடும். காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் அன்றே சொல்லுங்கள். மலச்சிக்கலை அலட்சியம் செய்யாதீர்கள், இந்த மருந்தில் அது குடலையே அடைத்துவிடலாம். மகன் சிகரெட் பிடிப்பவராக இருந்து திடீரென்று விட்டால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். விடுவதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.