சுரண்டிய தகடும் காத்திருக்கும் மாதங்களும்: பழைய கார் கேள்வி-பதில்

பத்மினி காரை முழுக்கச் சுரண்டி ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கோட் அடித்து வைத்தோம். தகடு வேலை செய்யும் டிங்கர் மூன்று மாதமாக வரவில்லை. இப்போது பிரைமர் மேலேயே பழுப்புப் புள்ளிகள். பிரைமர் அடித்தால் துரு வராது என்றார்களே? (நாகப்பட்டினம்)

யார் சொன்னது? சாதாரண பிரைமரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. மேலே பெயிண்ட் ஏறினால்தான் அதற்கு மதிப்பு. உங்கள் ஊர்க் காற்றில் உப்பு வேறு. அது ஈரத்தை இழுத்துத் தகட்டில் உட்கார வைத்துவிடும்.

புள்ளியை மட்டும் தேய்த்துப் பயனில்லை. அந்த பிரைமரை எடுத்துவிட்டு, பளபளவென்று தகடு தெரியும்வரை தேய்த்து, எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, அன்றைக்கே எப்பாக்சி பிரைமர் இரண்டு கோட் அடியுங்கள். ஹார்டனர் என்னும் இறுக வைக்கும் திரவம் கலந்து அடிப்பது அது. ஈரத்தை நன்றாகத் தடுக்கும். பள்ளம் நிரப்பும் பட்டியை அதன் மேல் போடுவதுதான் நல்லது. பட்டி தண்ணீரை உறிஞ்சும். துடைத்த தகட்டில் வெறுங்கை வைக்காதீர்கள். வியர்வையில் இருப்பதும் உப்புதான். நாலு நாளில் விரல் தடம் அப்படியே துருவாக எழும்பி நிற்கும்.

இனி, ஒரு நாளில் எவ்வளவுக்கு பிரைமர் அடிக்க முடியுமோ அவ்வளவு மட்டும் சுரண்டுங்கள். ஒரு கதவு என்றால் ஒரு கதவு. டிங்கர் தேதி உறுதியாகும்வரை மிச்ச இடத்தில் பழைய பெயிண்ட் இருந்துவிட்டுப் போகட்டும்.

பாத்ரூம் கழுவும் ஆசிட் ஊற்றினால் துரு உடனே போகிறது. ஊற்றலாமா? (ஈரோடு)

வேண்டாம். துரு போகும், ஆனால் அந்த ஆசிட்டின் குளோரைடு தகட்டு மடிப்புகளில் தங்கி மறுபடி அரிக்கும். அதன் புகைக்கே ஷெட்டில் இருக்கும் ஸ்பேனரெல்லாம் துருவேறும். பாஸ்பாரிக் அமிலம் கலந்த ரஸ்ட் ரிமூவர் வாங்கிக்கொள்ளுங்கள். டப்பாவில் சொன்னபடி கழுவிக் காயவைத்த பிறகே எப்பாக்சி. அமில மிச்சத்தின் மேல் அடித்தால் உரிந்து வரும். ஸ்பிரிங்கை மட்டும் எந்த ஆசிட்டிலும் போடாதீர்கள், பின்னால் முறியும்.

ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. சேசிஸுக்கு (அடிச்சட்டம்) உள்பக்கம் எப்படி பிரைமர் அடிப்பது? (சென்னை)

சென்னையிலேயே தயாரான வண்டி, பார்த்துச் செய்யுங்கள். சேசிஸ் தனி என்பதால் போல்ட்டைக் கழற்றி பாடியைத் தூக்கிவிடலாம். பத்மினியில் இரண்டும் ஒன்றாகவே இருக்கும், அதை வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

முதலில் கூரான ஸ்குரூடிரைவரால் சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளைக் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்க வேண்டும். துருவின் மேலேயே தகடு ஒட்டித் தருகிறேன் என்பவரிடம் வண்டியை விடாதீர்கள். இரண்டு தகட்டுக்கு நடுவில் ஈரம் நிரந்தரமாகக் குடியேறும்.

பெட்டி போன்ற பகுதிகளுக்குள் பெயிண்ட் கன் எட்டாது. வெல்டிங் சூட்டில் உள்பக்கப் பூச்சும் கருகிப்போயிருக்கும். அங்கே கேவிட்டி வாக்ஸ்தான், அதாவது உள்ளறைகளில் பீய்ச்சும் மெழுகு. நீளமான குழாயை ஓட்டை வழியாகக் கடைசிவரை விட்டு, பீய்ச்சிக்கொண்டே மெதுவாக வெளியே இழுக்க வேண்டும். மெழுகு மடிப்புகளுக்குள் தானாக ஊர்ந்து போகும். வெல்டிங், பெயிண்டிங் எல்லாம் முடிந்த பிறகே இதைச் செய்யுங்கள். முன்பே அடித்தால் மெழுகு பட்ட இடத்தில் பெயிண்ட் பிடிக்காது. அப்புறம், தண்ணீர் வடியும் ஓட்டைகளைக் கம்பி விட்டுத் திறந்து வையுங்கள். அடைபட்டால் இவ்வளவு செலவும் வீண்.

தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டி வைக்கலாமா? (கடலூர்)

கூடாது. தரையிலிருந்து எழும் ஈரம் உள்ளேயே சிக்கி, ராத்திரி தகட்டில் வேர்க்கும். ஷெட்டுக்குள் பருத்தித் துணி போதும். தரையில் மட்டும் பாலித்தீன் விரியுங்கள்.

அடியில் பழைய இன்ஜின் ஆயில் அடிக்கலாமா? (மதுரை)

ரப்பர் புஷ்கள் ஊறிக் கெடும். பிறகு பெயிண்டும் ஒட்டாது.

ஆஸ்டின் ஏ 40. பாடி வேலை முடியும்வரை இன்ஜின் சும்மா இருக்கும். என்ன செய்வது? (யாழ்ப்பாணம்)

பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு, ஹேண்டில் போட்டு மெதுவாகச் சுற்றுங்கள். பிளக்கை மறுபடி மாட்டி, கார்ப்பரேட்டர் வாயையும் சைலன்சர் பக்கத்தையும் அடைத்துவிடுங்கள். மாதம் ஓரிரு முறை சுற்றிவிட்டால் பிஸ்டன் ரிங் சிலிண்டரோடு ஒட்டிப் பிடிக்காது. ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் கிடந்தால் வடித்துவிட்டு கூலன்ட் நிரப்புங்கள். பாதி வடித்து விடுவதுதான் எல்லாவற்றையும்விடக் கேடு.